தாயின் நோயும் சேயின் மரபும்

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர். தாய்க்கு எச்.ஐ.வி. கிருமி உண்டு. மூத்தது நோயின்றி ஓடியாடுகிறது. இளையதற்கோ பால்குடி மறவாத பருவத்திலேயே கிருமி தொற்றிவிட்டது. இத்தகைய நிலையைக் கண்டவுடன், "இது அவள் பிறந்த வீட்டு இரத்தம்; பரம்பரை நோய்" என்று மருமகளின் குலத்தைப் பழிக்கும் நாவுகள் நம் குடும்பங்களிலும் இல்லாமல் இல்லை. ஆதலின் தோப்பும்படியில் வாழும் நம் தாய்மார்களுக்கும், அவர்தம் மாமியார்களுக்கும், இம்மாதம் இதனை விளக்க முற்படுகின்றோம்.

எச்.ஐ.வி. பரம்பரை நோயன்று, வெளியிலிருந்து வரும் கிருமி. நம் நாட்டில் அது பரவியிருப்பதை 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தனர். தாயிடமிருந்து சேய்க்கு அது கருவிலோ, பிரசவ வேளையிலோ, தாய்ப்பாலின் வழியிலோ செல்லக்கூடும். ஆயினும், மருந்தே உண்ணாத தாய்மார் நூறு பேரை எடுத்துக்கொண்டாலும், அவர்தம் குழந்தைகளுள் 15 முதல் 45 வரையே அது பற்றுகிறது. ஏனையவை தப்புகின்றன. தாயின் இரத்தத்தில் கிருமி எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதே இதற்கு முதன்மையான காரணம். மரபுக்கும் பங்குண்டு, ஆனால் பழிபேசுவோர் எண்ணும் வகையில் அன்று.

நம் உயிரணுவுக்குள் கிருமி புகுந்தால், அதன் துணுக்கொன்றை வெளிப்புறத்தே நீட்டிக் காட்டும் ஏற்பாடு ஒன்று உடலில் உண்டு. எச்.எல்.ஏ. என்னும் மரபணுக்கள் அதனை நடத்துகின்றன. நீட்டிய துணுக்கைக் கண்டு காவல் அணுக்கள் ஓடிவந்து அவ்வுயிரணுவை அழித்துவிடும். எந்தத் துணுக்கை நீட்டுவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆண்டுக்கணக்கில் தாயின் உடலில் குடியிருக்கும் கிருமி, அவளுடைய காவலர் அறிந்துகொள்ளும் துணுக்குகளை மெல்ல மெல்ல மாற்றி மாறுவேடம் பூண்டுவிடுகிறது. குழந்தையின் எச்.எல்.ஏ. மரபணுக்களில் பாதி தாய் தந்தது. பாதி தந்தை தந்தது. மாறுவேடமிட்டு வரும் கிருமிக்குத் தாய்வழிப் பாதி பழகிய வீடு. தந்தைவழிப் பாதியோ புதிய காவல். தந்தையுடையதும் தாயுடையதும் ஒன்றாய் அமைந்துவிட்டால் அந்தப் புதிய காவலும் இல்லையாகிறது. (மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள நம்மவரிடையே இவ்வொப்புமை நேர்வது எளிது.) தாய்க்கும் சேய்க்கும் இவை மிகுதியாக ஒத்திருந்தால் தொற்றும் வாய்ப்புக் கூடுகிறது என்று நைரோபி நகரத்து ஆய்வொன்று 1998இல் தெரிவித்தது. பி-27 என்னும் எச்.எல்.ஏ. வகையை உடைய பெரியோரிடம் நோய் மெதுவாகவே முற்றும். ஆனால் அவ்வகையுடைய தாயிடம் கிருமி மாறுவேடம் கற்றுவிட்டதாயின், அதே வகையைப் பெற்ற குழந்தைக்கு அந்தக் காப்பு உதவாமற் போவதும் உண்டு. இதில் எந்தக் குலத்தை யார் பழிப்பது?

சி.சி.ஆர்.5 என்னும் மரபணுவில் ஒரு குறையைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களைப் பெரும்பாலான எச்.ஐ.வி. கிருமிகள் அணுகா என்று 1996இல் அறிந்தனர். ஐரோப்பியர் சிலருக்கு வாய்த்த அப்பேறு நம்மவரிடம் மிக அரிது.

தொற்றிய குழந்தைகளுள் மருந்து பெறாதவற்றில் ஏறத்தாழப் பாதி இரண்டு வயதைக் காணாமலே மடிகின்றன. சில, பத்து வயது கடந்தும் நடமாடுகின்றன. இவ்வேற்றுமையிலும் மரபுக்குப் பங்குண்டு. எனினும், எந்தக் குழந்தை எவ்வகை என்று பொறுத்திருந்து பார்ப்பது பேதைமை. நோய் முற்றும்வரை காத்திராமல் ஏழாவது வார அளவிலேயே மருந்து தொடங்கினால், மரணம் நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008இல் காட்டிற்று.

தாய் தவறாது மாத்திரை உண்டால் தொற்று நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். கிருமியுள்ள கர்ப்பிணிகள் யாவருக்கும் வாழ்நாள் முழுவதும் இலவச மருந்து என்பது 2014 முதல் அரசின் ஏற்பாடு. கேரளத்தில் பரிசோதனை நிலையத்துக்கு ஜோதிஸ் என்றும், சிகிச்சை நிலையத்துக்கு உஷஸ் என்றும் பெயர்.

நமக்குரிய இடர் வேறொன்று. வளைகாப்பு முடிந்ததும் நம் பெண்கள் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ தாய்வீடு நோக்கி இரயிலேறிவிடுகின்றனர். கையிலிருக்கும் மாத்திரை தீர்ந்ததும், சொந்த ஊர் மருத்துவமனையில் கேட்க வெட்கம். மருந்து மிக வேண்டப்படும் மாதங்களில் அது நின்றுவிடுகிறது! புறப்படுமுன் உஷஸ் நிலையத்தில் சொன்னால், ஊருக்கு அருகிலுள்ள நிலையத்துக்கு மாற்றுக் கடிதம் தருவார்கள். வெட்கப்படுவோர் ஒன்றறிக: ஒருவரது நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஊரில் பாட்டிமார் சேனை வைப்பதும், சங்கில் பசும்பால் புகட்டுவதும் உண்டு. முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலோடு பிறவற்றைக் கலந்தூட்டினால் தொற்றுக்கு இடம் மிகும். மாத்திரை உண்ணும் தாயின் பாலொன்றே போதும். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் பரிசோதனை செய்தாக வேண்டும். பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை, 18 மாதம் வரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளைக் காட்டி ஏமாற்றும். சிசுக்களுக்கென உள்ள உலர்ந்த இரத்தப் புள்ளிப் பரிசோதனையையே கேட்டுப் பெறுக. ஐயமுள்ளோர் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி விசாரிக்கலாம்.