பொருள் தெரியாமலே பிடித்துப்போகும் மொழிகள்

பர்மிங்காமின் கிங்ஸ் ஹீத் பகுதியில் ஒரு வீடு. அதன் பின்புறம் ரயில் பாதை. வேல்ஸிலிருந்து வரும் நிலக்கரி வண்டிகளில் நாண்டிக்ளோ, ட்ரெடீகர் என்று ஊர்ப்பெயர்கள் எழுதியிருக்கும். எப்படி உச்சரிப்பது என்றுகூடத் தெரியாத அந்தப் பெயர்களில் அங்கே வாழ்ந்த சிறுவன் ஒருவன் மயங்கினான். பிற்காலத்தில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது கல்லூரி நூலகத்தில் ஃபின்னிஷ் இலக்கண நூல் ஒன்று கிடைக்க, மறுபடியும் அதே கிறுகிறுப்பு. அவர் படைத்த குவென்யா மொழிக்கு ஃபின்னிஷும், சிண்டாரினுக்கு வேல்ஷும் ஓசை தந்தன. பிரெஞ்சு மட்டும் அவர் காதுக்கு ஒட்டவேயில்லை.

இத்தகைய விருப்பத்துக்கு யாரும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். வேலைக்காகவும் விசாவுக்காகவும் மட்டுமே மொழி கற்கும் காலத்தில், ஓசை பிடித்துப்போய் ஒரு மொழியைத் தேடிச் செல்பவரை ஊக்குவிக்கவே வேண்டும்.

ஆனால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது 'அது கரடுமுரடான மொழி' என்று மாறும்போதுதான் சிக்கல். பிரெஞ்சு மொழி இசைக்கே ஒத்துவராது என்று 1753இல் தத்துவஞானி ரூசோ வாதிட்டார். இன்றோ உலகின் இனிய மொழிகளைப் பட்டியலிடுபவர்களில் பலர் பிரெஞ்சையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜெர்மனை முரட்டு மொழி என்பவர்களில் பலர் அதைக் கேட்டது போர்ப் படங்களின் அதட்டல்களில்தான். ஜெர்மன் கவிஞர் கதேயின் கவிதைகளுக்கு இசையமைப்பாளர் ஷூபர்ட் அமைத்த பாடல்களைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

2023இல் வெளியான ஓர் ஆய்வில், இயேசுவைப் பற்றிய ஒரே திரைப்படத்தின் 228 மொழிப் பதிவுகளை 820 பேர் கேட்டு, ஓசை எவ்வளவு பிடித்தது என்று மதிப்பிட்டார்கள். ஆங்கிலம், சீனம், அல்லது அரபு, ஹீப்ரு போன்ற செமிட்டிக் மொழிகளைப் பேசுபவர்கள் அவர்கள். மொழிக்கு மொழி வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது. தமக்குத் தெரிந்த மொழி என்று நினைத்துவிட்டால் மதிப்பெண் கூடியது. பேசுபவரின் குரலும் மதிப்பெண்ணை மாற்றியது.

அதற்கு முன்பே, 1970களில், கிரேக்கம் அறியாத பிரிட்டன்காரர்களிடம் ஏதென்ஸ் பேச்சையும் கிரீட் தீவுப் பேச்சையும் போட்டுக் காட்டினார்கள். கிரேக்கர்கள் உயர்வாகக் கருதுவது ஏதென்ஸ் பேச்சை. கேட்டவர்களுக்கோ எது உயர்வு, எது தாழ்வு என்று பிரிக்கத் தோன்றவில்லை. எந்தப் பேச்சு யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது.