தூரமல்ல, நிழலே கணக்கு

ஓமானில் நவம்பர் பிறந்ததும் குடும்பங்கள் மலைப்பக்கம் கிளம்பிவிடுகின்றன. பிள்ளைகளோடு எங்கே நடக்கலாம் என்று கேட்டால், பலர் கைகாட்டுவது ஜபல் ஷம்ஸ் மலையின் ‘பால்கனி நடை’யைத்தான். பெரிய ஏற்றம் இல்லை. பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டைகள் வழி சொல்கின்றன. ஆனால் ஒரு பக்கம் அதலபாதாளம். கையை உதறிவிட்டு ஓடும் ஐந்து வயதுக்கு அது ஏற்ற இடமா? வாதி ஷாபும் அப்படித்தான். படகில் ஓடையைக் கடந்து பள்ளத்தாக்கில் முக்கால் மணி நேரம் நடப்பது இனிமை. ஆனால் முடிவிலுள்ள குகை அருவியைக் காண நீந்தியாக வேண்டும். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்திறங்கவும் கூடும். என் ஓட்டு மிஸ்ஃபத் அல் அப்ரியீன் கிராமத்துக்கே. பேரீச்சந்தோப்புக்குள் ஃபலஜ் வாய்க்காலை ஒட்டி நடக்கலாம். நிழல் உண்டு, பிள்ளை சிணுங்கினால் உடனே திரும்பலாம். மோட்டார் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி நீரைத் தோப்புக்குக் கொண்டுவரும் பழைய பாசன முறைதான் ஃபலஜ். இவ்வகை வாய்க்கால்களில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாதைகளை ‘எளிது’, ‘கடினம்’ என்று பிரிப்பது பெரியவர்களின் முழங்காலுக்கான கணக்கு. பாலைநாட்டில் பிள்ளைகளுக்கான பாதையை நிழல், விளிம்பு, திரும்பும் வசதி ஆகிய மூன்றையும் வைத்தே தரம்பிரிக்க வேண்டும். கோடை நண்பகலில் அங்கே எந்தப் பாதையும் எளிதல்ல என்பதையும் அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிடலாம்.