பர்வீன் மிஸ்திரியும் நம் வீட்டு விமர்சகர்களும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தீபாவளிக்கு வந்த பேத்தி ஓர் ஆங்கில நாவலை விட்டுவிட்டுப் போனாள். சுஜாதா மாஸி எழுதிய ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’. 2018இல் வந்தது. (நம்ம சுஜாதா இல்லை. இவர் அமெரிக்காவில் வாழும் எழுத்தாளர், அப்பா இந்தியர், அம்மா ஜெர்மானியர்.) நான் படித்து முடித்ததும் வழக்கம்போல வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் திணித்தேன். ஆறேழு பேர் படித்துவிட்டார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம். போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்துப் பெரிய சண்டை. ஒற்றை விரலால் தட்டுகிற நான் ஒரு வரி முடிப்பதற்குள் அங்கே பத்து வரி ஓடிவிடுகிறது. அதனால் என் பக்கத்தை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1921, பம்பாய். பர்வீன் மிஸ்திரி ஒரு பார்சிப் பெண். ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தவள், அப்பாவின் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பெண் என்பதால் கோர்ட்டில் எழுந்து நின்று வாதாட முடியாது. பத்திரம், உயில், ஒப்பந்தம் என்று காகித வேலைதான். மலபார் ஹில்லில் ஒரு முஸ்லிம் மில் முதலாளி இறந்துபோகிறார். அவருக்கு மூன்று மனைவிகள். மூவரும் கோஷா. (திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கோஷாதான்.) மூன்று பேரும் தங்களுக்கு வரவேண்டிய சொத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுப்பதாகக் கையெழுத்திட்ட கடிதம் வருகிறது. அந்தக் கையெழுத்துகளைப் பார்த்ததும் பர்வீனுக்குச் சந்தேகம். நேரில் கேட்டுவிடலாம் என்று போகிறாள். அந்த வீட்டில் ஒரு கொலை விழுகிறது. யார், ஏன் என்பதைச் சொல்ல மாட்டேன்.

இனி நம் விமர்சகர்கள்.

மாப்பிள்ளை ராஜேஷ்குமார் நாவல்களை ரயிலில் ஏறி அடுத்த ஜங்ஷன் வருவதற்குள் முடித்துவிடுகிறவர். ‘கொலை நடக்கவே இத்தனை பக்கமா அத்தை?’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எனக்கும் சில இடங்களில் பொறுமை போனது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வொரு துணிக்கும் வெளிநாட்டு வாசகர்களுக்காக விளக்கம் சொல்லிக்கொண்டே போகிறார். பர்வீன் பேசுவதும் சில சமயம் 1921 மாதிரி இல்லை, நேற்றுப் பேசினது மாதிரி இருக்கிறது. நாற்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

தங்கைக்குப் பர்வீன் மேலேயே கோபம். ‘பார்த்த சில நாளிலேயே ஒருத்தனை நம்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கல்கத்தா போனாளே, பட்டது சரிதான்’ என்கிறாள். நாவலில் அந்த முன்கதை பெரிசு. புகுந்த வீட்டில் மாதவிலக்கு நாட்களில் அவளை ஒரு சின்ன அறையில் அடைத்துவைக்கிறார்கள், குளிக்கக்கூட முடியாது. அது மிகை என்றாள் தங்கை. நம் வீட்டிலேயே பெரியம்மா ‘வீட்டுக்குத் தூரம்’ என்று கொல்லைத் தாழ்வாரத்தில் தனித் தட்டோடு உட்கார்ந்திருந்ததை நினைவுபடுத்தினேன். ‘அது வேற, இது வேற அக்கா’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தியும் படித்தாள். ‘போன உடனே இவ்வளவு பேச மாட்டாங்க டீச்சர். நாலு தடவை போகணும், டீ குடிக்கணும், பிள்ளைகளைப் பத்தி விசாரிக்கணும், அஞ்சாவது தடவைதான் வாய் திறப்பாங்க’ என்றாள். எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் இதுதான். 1992இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்ததற்கும் பர்வீன் அந்த வீட்டுக்குள் போனதற்கும் காரணம் ஒன்றேதான் என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

சண்டையை மூட்டியவன் அண்ணன் மகன். ‘துப்பறிகிறவர் பொம்பளையா இருக்கிறது இப்ப ஃபேஷன் அத்தை. அந்த இடத்துல ஒரு ஆம்பளை வக்கீலைப் போட்டாலும் இதே கதைதான். அந்தப் புருஷன் கதையைத் தூக்கிட்டா நாவல் பாதியாக் குறையும், நல்லாவும் இருக்கும்’ என்று எழுதினான். அதற்குப் பதினோரு கட்டைவிரல்.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஆண் வக்கீலைப் போட்டால் கதை வாசலிலேயே நின்றுவிடும். அந்த வீட்டில் ஆண்கள் ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேச முடியும். கொலை நடந்த பிறகு போலீஸ்காரர்களுக்கும் அதே கதி. இது ஆசிரியர் தன் வசதிக்காகக் கட்டிய சுவர் இல்லை. கார்னேலியா சொராப்ஜி என்று நிஜமாகவே ஒரு பெண்மணி இருந்தார். நாசிக்கில் பிறந்த பார்சிக் கிறிஸ்தவர். 1892இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார், பெண் என்பதால் பட்டம் கொடுக்கவில்லை. முப்பது வருடம் கழித்து 1922இல்தான் கொடுத்தார்கள். 1904இல் வங்காள அரசு அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. எதற்கு? திரைக்குப் பின்னால் இருந்த விதவைகளும் வாரிசுகளும் தங்கள் சொத்தை யார் தின்கிறார்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. இந்தியாவில் பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்தது 1923இல். பர்வீனுக்கு இவரும் ஒரு முன்மாதிரி.

இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. புருஷன் கதை எதற்கு?

1986. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் அரையாண்டுக்குப் பிறகு வரவில்லை. தலைமை ஆசிரியர் வீட்டுக்கே போனார். அப்பா திண்ணையில் உட்காரவைத்து, ‘அம்மை போட்டிருக்கு சார்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோனது, அதனால் பயமில்லை. இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு நான் போனேன். பொம்பளை டீச்சர் என்பதால் நேரே உள்ளே விட்டார்கள். அடுக்களையைத் தாண்டிய அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை. கை நிறையப் புதுக் கண்ணாடி வளையல். ‘டீச்சர், எனக்கு அம்மை இல்லை. கல்யாணம் வச்சிருக்காங்க. எனக்கு வேண்டாம்னு சார்கிட்ட சொல்லுங்க’ என்றாள்.

வெளியே வரும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, குடும்ப மானம் உன் வாயில் இருக்கிறது தாயி என்றார். பெண்ணுக்குக் கல்யாண வயது 18 என்று அந்த வருடம் குடிமையியல் பாடத்தில் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். மறுநாள் தலைமை ஆசிரியர் கேட்டார். ‘ஆமா சார், அம்மைதான்’ என்றேன்.

அண்ணன் மகனே, உனக்குப் பதில் இதுதான். கதவைத் தாண்டி உள்ளே போக ஒரு பெண் போதும். நானும் போனேனே. உள்ளே கேட்டதை வெளியே கொண்டுவர வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. பர்வீன் கல்கத்தாவில் அந்த அறைக்குள் இருந்தவள். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு தப்பி வந்தவள். அவளுக்கு விவாகரத்துகூடக் கிடைக்கவில்லை, பிரிந்து வாழ மட்டும் அனுமதி. அதனால்தான் மலபார் ஹில்லில் மூன்று பெண்கள் சொன்னதை ‘குடும்ப விஷயம்’ என்று மூடிவைக்க அவளால் முடியவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டால் மிஞ்சுகிறவள் என்னை மாதிரி ஒருத்திதான்.

இதை எழுதுவதற்கு முன் அந்த மாணவியைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். ‘எழுதுங்க டீச்சர், ஊர் பேர் மட்டும் வேண்டாம்’ என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் நாவல் படிக்க வராது. கதையை முழுவதும் சொல்லச் சொன்னாள். முக்கால் மணி நேரம் சொன்னேன். நடுவில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

‘அந்த வக்கீலம்மா முதல் தடவை போனப்போ, அவங்க மூணு பேரும் உண்மையைச் சொன்னாங்களா?’

‘இல்லம்மா. பாதிதான் சொன்னாங்க.’

‘நான் முழுசாச் சொன்னேனே டீச்சர்.’

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு கொலைகாரர் யார் என்று கேட்டாள், சொன்னேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம்.

அவள் மகள் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவள், புத்தகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் இருப்பது ஒரே பிரதி, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியாக வாங்கிப் போனவர் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.