கூதிர்காலமும் பள்ளிப் பிள்ளையும்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இதே மாதங்களை மேனாட்டார் இலையுதிர் காலம் என்பர். அவர்களுடைய நாடுகளில் மரங்கள் பொன்னிறமாகி இலை உதிர்க்கும் இந்நாட்களில், நம் எல்கடுவ மலைகளிலோ தேயிலை துளிர்க்கின்றது. ஹுன்னஸ்கிரிய மலைச்சாரலில் காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் கறுத்த மேகம் கவியும், இடி முழங்கும், நீர்வீழ்ச்சிகள் பெருக்கெடுக்கும். ஒக்டோபர், நவம்பரில் இடியோடு கூடிய இந்த மழை ஓய்வதற்குள் வடகீழ்ப் பருவக்காற்று தன் மழையைக் கொண்டுவந்துவிடும்.

மேனாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இது பள்ளியாண்டின் தொடக்கம். நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக இது மூன்றாம் தவணை. ஆண்டு முழுதும் கற்றதைத் திரட்டிக்கொள்ளும் காலம். ஆயினும் வரவுப் பதிவேட்டில் வெற்றிடங்கள் மிகுதியாகக் காணப்படுவதும் இந்த மாதங்களிலேதான். ஆகவே, ஆரம்ப வகுப்புகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில செய்திகளையும் நினைவூட்டல்களையும் இவ்வாரம் எழுத விழைகின்றேன்.

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப்புறத்திலிருந்து ஒரு சிறுவன் ஆறாம் தரத்தில் என்னிடம் வந்து சேர்ந்தான். கணக்கிலே கெட்டிக்காரன். ஆனால் தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லிலும் முதலெழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்வான். ‘சோம்பேறி’ என்று வகுப்பின் நடுவே அவனைக் கடிந்துகொண்டேன். மறுவாரம் அவனுடைய தாய் வந்தார். ஒருநாட் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“அவன் சோம்பேறி இல்லைங்க சேர். சின்ன வகுப்புல இருந்தப்ப மழை வந்தா ஓடையில தண்ணி ஏறிடும். நான் விடியவே மலைக்குப் போயிடுவேன். யாரு கொண்டுபோய் விடுறது? வீட்டுலயே இருடான்னு சொல்லிடுவேன். என் தப்புத்தாங்க” என்றார்.

அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆண்டுக்கு இருபது நாட்கள் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று கொள்வோம். ஆரம்பப் பிரிவின் ஐந்தாண்டுகளில் அது நூறு நாளாகிறது. ஓர் ஆண்டின் பள்ளி நாட்கள் ஏறத்தாழ இருநூறு. ஆகவே அரை ஆண்டுப் படிப்பு மழையோடு போய்விடுகின்றது. அதிலும் முதலாம், இரண்டாம் தரங்களில் எழுத்தறிமுகம் படிப்படியாக நடைபெறும். உயிர்மெய்யெழுத்தில் கொம்பும் காலும் கற்பித்த வாரத்தில் வராத பிள்ளை, அடுத்த வாரம் வந்து சொற்களை எப்படிக் கூட்டி வாசிக்கும்? அச்சிறுவனின் ஊகத்திற்குக் காரணம் சோம்பலன்று. அவன் காணாத பாடங்களே.

‘அப்படியானால் கொட்டும் மழையிலும் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டுமா?’ என்று தாய்மார் கேட்கலாம். நியாயமான கேள்வி. மழையில் இருவகை உண்டு: குடையோடு கடக்கக்கூடிய மழை ஒன்று, அஞ்சி ஒதுங்க வேண்டிய மழை மற்றொன்று. முன்னதற்குப் பயந்து வீட்டில் நிறுத்துவது பிள்ளையின் கல்விக்கு நட்டம். பின்னதை அலட்சியம் செய்வது உயிருக்கே நட்டம். இரண்டையும் பிரித்தறியப் பழகுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பின்னர் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் நேர்ந்தன. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டும் கூதிர்காலத்திலேயே நிகழ்ந்தவை.

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் எச்சரிக்கை நிலை. 150 மில்லிமீற்றரானால் அபாயச் சரிவை விட்டு வெளியேற வேண்டும் என்பது பொதுவான அளவு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் வரும் செய்திகளின் பொருள் இதுவே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. அதைச் சுவரிலே பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் தனித்திருக்கும் பாட்டிக்கும் தெரிந்திருக்கட்டும்.

மழையை அளப்பது பெரிய வித்தையன்று; ஐந்தாம் தரத்துப் பிள்ளை செய்துவிடும். பக்கங்கள் நேராயுள்ள பிளாஸ்டிக் போத்தலொன்றின் மேற்பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல்போலப் பொருத்துங்கள். அடியில் கூழாங்கற்கள் இட்டு, போத்தலின் பக்கங்கள் நேராகத் தொடங்கும் இடம்வரை நீர் ஊற்றி, அங்கே ஒரு கோடிடுங்கள். அது பூச்சியம். அதன்மேல் அடிமட்டத்தால் சென்றிமீற்றர் அளவுகளைக் குறியுங்கள். மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதியபின், நீரைப் பூச்சியக் கோட்டிற்குக் குறைத்துவிடுங்கள். ஏழரைச் சென்றிமீற்றரைத் தொட்டால் அது 75 மில்லிமீற்றர். பிள்ளைக்கு இது அளவைப் பாடமும் ஆகும். வீட்டாருக்குக் காவலும் ஆகும். எனினும் நம் போத்தலை நம்பி அரசின் அறிவித்தலைத் தள்ளிவிடலாகாது.

அளவைவிட நிலமே சில வேளைகளில் முந்திப் பேசும். சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரென்று தோன்றும் ஊற்று, தெளிந்திருந்த ஊற்று கலங்குதல் அல்லது வற்றுதல், கதவு நிலைக்குள் இறுகுதல் ஆகியவற்றைக் கண்டால் மழை நிற்கும்வரை காத்திராமல் வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் அறிவியுங்கள். அத்தகைய நாளில் பிள்ளை பள்ளிக்குப் போகாததைப் பற்றி எந்த ஆசிரியரும் குறை சொல்லமாட்டார்.

இனி நடைபாதை. ஓடையில் நீர் கலங்கி வேகமாக ஓடினால், அது முழங்காலளவே இருந்தாலும் சிறுபிள்ளையை இழுத்துச் சென்றுவிடும். ‘அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போ’ என்று சொல்வது போதாது. அக்காளுக்கும் ஒன்பது வயதுதானே! பெரியவர் துணையின்றி ஓடையைக் கடக்கலாகாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலி ஒரு கிலோமீற்றர் தூரம் செல்ல ஏறத்தாழ மூன்று விநாடிகள் ஆகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கின்றது. உடனே கட்டடத்திற்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே வெளியே வர வேண்டும். தேயிலைக்கிடையே நிற்கும் நிழல் மரங்களின்கீழ் ஒதுங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பிற்பகலில்தான் இடி மிகுதி. எனவே பள்ளி விட்டதும் வழியில் விளையாடாமல் வந்துவிடுவது நலம்.

சிறு விஷயங்கள் சிலவும் உண்டு. சப்பாத்து நனைந்துவிட்டது என்பதற்காகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளை நான் அறிவேன். செருப்போடு நடந்து, காலணியைப் பையில் கொண்டுசென்று வகுப்பில் அணியலாம். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்தால் இரவில் ஈரம் வாங்கிவிடும். புத்தகங்களைப் பையிலிடுமுன் தடித்த பொலித்தீன் உறையொன்றில் கட்டிவிடுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்க வேண்டாம். உப்போ சவர்க்காரமோ பட்டால் தானே விழும். பின் புண்ணைக் கழுவுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தகரம், சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பிற்கு அவைதாம் தொட்டில். காய்ச்சல் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், கைமருந்தோடு நின்றுவிடாதீர்கள்.

இப்பருவத்தில் பண்டிகைகளும் நெருங்கி வருகின்றன. நவராத்திரியின் நிறைவில் விஜயதசமியன்று ஏடு தொடக்குகின்றோம். தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். அந்தக் கைப்பிடிப்பு ஒருநாளோடு முடிந்துவிடக் கூடாது. மாலையில் கால்மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ‘எனக்கு எழுத்துத் தெரியாதே’ என்று தயங்க வேண்டாம். பிள்ளை வாசிக்க நீங்கள் கேளுங்கள். வாசித்த கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம். ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம். ஆறாம் திகதி ஆசிரியர் தினம். ஆசிரியருக்குப் பரிசுப்பொருள் வேண்டாம். ‘என் பிள்ளை எப்படி வாசிக்கிறாள்?’ என்று கேட்டு வரும் தாயைவிட அவருக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை.

தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கிடைக்கும். அதில் பட்டாசுக்கும் பலகாரத்திற்கும் முன்னே ஒரு குடை, ஒரு சோடிச் செருப்பு ஆகியவற்றிற்கு எடுத்து வைத்துவிடுங்கள். பண்டிகைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் பிள்ளையை வீட்டில் நிறுத்தும் வழக்கத்தையும் கைவிடுவது நன்று.

ஐந்தாம் தரத்துப் பெற்றோருக்கு ஒரு சொல். புலமைப்பரிசில் பரீட்சை நடைபெறும் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு. பரீட்சை முடிந்ததும் ‘இனிப் பள்ளியில் என்ன இருக்கிறது?’ என்று பிள்ளையை நிறுத்திவிடுகின்றனர் சிலர். ஆறாம் தரத்திற்கு வேண்டிய வாசிப்பும் எழுத்தும் அந்த மிச்ச நாட்களில்தான் உறுதிப்படும். வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனமுடையச் செய்யாதீர்கள். பத்து வயதில் எழுதிய ஒரு பரீட்சை எந்தப் பிள்ளையின் அறிவுக்கும் இறுதித் தீர்ப்பன்று.

முதலாம் தரத்திற்குப் பிள்ளையை அனுப்பவிருப்போர், ஜனவரி 31இல் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைவடைகின்றதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரும் திகதியும் சரியாயிருக்கின்றனவா என்பதை இப்போதே கவனியுங்கள். கடைசி நாளில் கச்சேரிக்கு ஓடுவதால் பயனில்லை.

முடிவாக ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். வழியில் மாண்டவர் பலர். 1945 ஒக்டோபரில் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பிள்ளைகளுக்கு அதன் முழுப்பயன் உடனே கிட்டவில்லை. ஓராசிரியர் கொட்டகைகளாய்க் கிடந்த தோட்டப் பாடசாலைகள் பல, 1970களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. இத்தனை காலம் காத்திருந்து பெற்ற உரிமையை ஓர் ஓடை தடுத்துவிடலாமா?

என்னிடம் வந்த அந்தத் தாய் அதற்கும் வழி கண்டார். அவருடைய இளைய மகள் அப்போது இரண்டாம் தரம். தம் லயத்துக் குடும்பங்களோடு பேசி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தாமார் மூவரை முறைவைத்து ஏற்பாடு செய்தார். மழைநாட்களில் ஒருவர் கையில் தடியோடு ஏழு பிள்ளைகளை ஓடை கடத்திவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் மறுபடியும் போய் நிற்பார். நீர் மட்டுமீறினால் அவரே ‘இன்று வேண்டாம்’ என்று திருப்பிவிடுவார். ஒரு சதமும் செலவில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் அச்சிறுமி வராத நாட்கள் மூன்றே மூன்று. அண்ணனோ மாலைதோறும் என்னிடம் தங்கி வாசிக்கப் பழகினான். நானும் ‘சோம்பேறி’ என்ற சொல்லை என் வகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

உங்கள் லயத்திலும் அப்படியொரு தாத்தா இருப்பார். இன்று ஞாயிற்றுக்கிழமை, அனைவரும் வீட்டிலிருக்கும் நாள். மழை வலுப்பதற்குள் அவரிடம் போய்ப் பேசுங்கள்.