அரிசியைப் பிடுங்கியவர்கள் சேமிக்கச் சொல்கிறார்கள்

மழைக்காலம் வந்தால் போதும், அறிவிப்பு வந்துவிடுகிறது. மூன்று நாளைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், மெழுகுவர்த்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வராதீர்கள் என்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வாங்க முடிந்தவர்கள் வாங்கி வைத்தார்கள். வேலைக்குப் போனால்தான் அன்றைக்கு உலை என்றிருப்பவர்கள், வேலையும் நின்று கடையும் மூடிக்கிடந்த அந்த நாட்களில் எதை வைத்துப் பொங்குவது? பிறகு அரசு அட்டைக்கு 5000 ரூபாய் அறிவித்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புயலுக்கு முன்பே வீட்டில் இருந்திருக்க வேண்டிய பத்துப் படி அரிசி ஏன் இல்லை என்ற கேள்வியை அந்த 5000 ரூபாயால் மூடிவிட முடியாது.

சேமிப்பு என்பது ஏதோ நல்ல பழக்கம், அது இல்லாதவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. நம் தோழர்களில் சிலரும் இதைப் பேசுகிறார்கள். குதிர் யார் வீட்டில் இருந்தது? நிலம் வைத்திருந்தவன் வீட்டில் இருந்தது. அந்தக் குதிரை நிரப்பியவர்கள் வீட்டில் இருந்தது பானை. அதிலும் பாதி நாள் நொய்க் கஞ்சி. இருந்தும் நம் பெண்கள் சேமிக்கவில்லையா? உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டார்கள். கருவாடு காய வைத்தார்கள். கறி கிடைத்த அன்று உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் தொங்கவிட்டார்கள், அதன் வாடையை ஊர் பழித்தது. பஞ்சத்தை எதிர்கொள்ளும் அறிவு நமக்குப் புதிதாக யாரும் வானொலியில் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்து வைக்க அரிசி வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அரிசிக்கு வருவோம்.

2015 ஜனவரியில் சாந்தகுமார் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. இந்திய உணவுக் கழகத்தின் வேலையைச் சுருக்க வேண்டும், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 67 சதவீத மக்களைச் சேர்த்திருப்பதை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும், தானியத்துக்குப் பதில் படிப்படியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்றது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரங்களில் பணத்தைத் தொடங்கலாம் என்பது குழுவின் யோசனை. தொடங்கியது எங்கே? 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும். அடுத்த ஆண்டு தாத்ரா நகர்ஹவேலியில். மூன்றுமே யூனியன் பிரதேசங்கள். மாநிலம் என்று நெஞ்சை நிமிர்த்தி மறுக்க முடியாத இடங்களாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம், அதற்கும் வெளியே சேரி என்று பிரெஞ்சுக்காரன் வகுத்த ஊர் இது. சோதனை எலி யார் என்பதில் தில்லிக்கும் பெரிய குழப்பம் இருந்திருக்காது.

மத்திய அரசு தரும் பணத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. குறைந்தபட்ச ஆதரவு விலையின் ஒன்றேகால் மடங்கை எடுத்து, அதிலிருந்து ரேஷன் வழங்கல் விலையைக் கழித்தால் வருவது. மளிகைக்கடைக்காரன் அரிசிக்கு என்ன விலை சொல்கிறான் என்பது அந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை. மாநிலத்தின் இலவச அரிசிக்கு மாற்றாகக் கொடுத்ததும் அப்படித்தான்: சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய். கிலோ முப்பது. 2024-இல் சாப்பாட்டு அரிசி கிலோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. 600 ரூபாய்க்குப் பன்னிரண்டு கிலோ வரும். மீதி எட்டுக் கிலோ எங்கே போச்சு? அதைக் கொள்ளை என்று சொல்லாமல் நேரடிப் பணப் பரிமாற்றம் என்று சொல்கிறார்கள்.

நாராயணசாமி அரசு அரிசியே கொடுப்போம் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண்பேடி பணம்தான் என்றார். விவகாரம் தில்லிக்குப் போய், பணம் என்றே முடிவாகி, நீதிமன்றம் ஏறி, 2020 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றமும் முதலமைச்சரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. யாருக்கு அதிகாரம் என்பதுதான் அங்கே வழக்கு. வயிறு யாருடையது என்பது வழக்கிலேயே இல்லை. இதற்கிடையில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. கடை ஊழியர்கள் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். மலிவு விலையில் மளிகை விற்ற பாப்ஸ்கோவும் படுத்தது. அதன் தொழிலாளர்களும் சம்பள பாக்கிக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஏ.எஃப்.டி. பஞ்சாலையையும் 2020-இல் மூடினார்கள். அதே காலத்தில் சாராயக்கடை ஏலம் தவறாமல் நடந்தது, ரெஸ்டோ பார்களுக்குத் தாராளமாக உரிமம் கிடைத்தது.

முத்தியால்பேட்டையைத் தாண்டி நடந்தால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. அங்கே 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி, கூடவே மலிவு விலையில் பருப்பும் பாமாயிலும். 1997-இல் தில்லி ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று வெட்டியபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. ஒரே தெருவின் தொடர்ச்சி, ஒரே மழை. இந்தப் பக்கம் குறுஞ்செய்தி, அந்தப் பக்கம் அரிசி மூட்டை.

பணம் வந்த காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன். வீட்டு வேலைக்குப் போகிறவர். "அரிசின்னா வூட்ல கெடக்கும்ப்பா, புள்ளைங்க பசின்னா வடிச்சிப் போடலாம். துட்டுன்னா எப்ப வந்துது எப்ப போச்சின்னே தெரியாது. துட்டு ஏறிச்சான்னு பாக்க பேங்க்குக்குப் போனா அன்னிய கூலி போச்சு. வாரக்கடன்காரன் வேற வாசல்ல நிப்பான். அரிசியத் தூக்கினு போவானா அவன்?" இதற்கு மேல் எந்தப் பொருளாதார வல்லுநர் என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. நிதி ஆயோக்குக்காக இந்த மூன்று பிரதேசங்களிலும் ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கத்தில் பலர் பணம் வரவில்லை என்றார்கள். அதே தானியத்தை வெளியில் வாங்க வந்த பணம் போதவில்லை. இருந்தாலும் நாள் போகப்போகப் பணமே இருக்கட்டும் என்றவர்கள் கூடினார்கள் என்கிறது அந்த ஆய்வு. ஏன்? ரேஷன் கடையில் நம் மக்கள் பட்டது அப்படி. சுக்தேவ் தோராட்டும் ஜோயல் லீயும் 2005-இல் வெளியிட்ட கட்டுரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களைப் பார்த்தது. கடை ஊர்த்தெருவில் இருக்கிறது, எடையில் குறைக்கிறார்கள், சாதி இந்துக்களுக்கு முதலில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள் என்று எழுதியது. புழுத்த அரிசியையும் ஏளனப் பேச்சையும் ஒரே பையில் வாங்கி வந்தவர்கள், பணமாவது கையை நீட்டாமல் வருகிறதே என்று நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதைப் பணத்துக்கான ஓட்டு என்று எண்ணிக்கொள்வது மோசடி. அவர்கள் தள்ளியது கடைக்காரனின் சாதியை, அரிசியை அல்ல.

வெளிச்சந்தை மட்டும் நம்மை மதித்ததா? மொத்தமாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, ஐந்து ரூபாய் எண்ணெய்ப் பொட்டலம் வாங்குகிறவளுக்கு வேறு விலை. கிலோ கணக்குப் பார்த்தால் ஏழைதான் எப்போதும் கூடுதலாகக் கொடுக்கிறாள். 2022 ஜூலை 18-இலிருந்து 25 கிலோ வரையிலான மூட்டை அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள், வரி போச்சு. 26 கிலோவை ஒரே தடவையில் வாங்கக்கூடியவன் தப்பித்தான். 5 கிலோ பை வாங்கியவள் வரி கட்டினாள். 2024 செப்டம்பர் 14-இல், தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது, கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கினார்கள். 2025 மே இறுதியில் குறைத்தார்கள். அதற்குள் எத்தனை வடைச்சட்டி கவிழ்ந்தது என்று கணக்கெடுப்பாரில்லை. டீயும் பிஸ்கட்டும் மதியச் சாப்பாடாக இருக்கிற உலகம் நம்முடையது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்கு 18 சதவீத வரி என்றால் பாக்கெட் சுருங்கும், ஆலையில் ஆளும் குறையும். பத்தாயிரம் பேர் வரை வேலை போகலாம் என்று பார்லே நிறுவனமே 2019 ஆகஸ்டில் சொன்னது. வரி 5 சதவீதமாக இறங்க 2025 செப்டம்பர் வரை ஆனது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் பிரச்சாரத்துக்குப் போன இடங்களில் பெண்கள் கேட்ட கேள்வி ரேஷன் கடை எப்போது திறப்பீர்கள் என்பது. ஆளுங்கூட்டணி நிறுத்திய அமைச்சரே தோற்றார். நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், ரங்கசாமி அரசு கடையைத் திறந்து தீபாவளிக்குப் பத்துக் கிலோ அரிசியும் இரண்டு கிலோ சர்க்கரையும் கொடுத்தது. ஆளுநர் மாளிகையும் நீதிமன்றமும் அசைக்காத பூட்டை யார் திறந்தார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

ஆகவே கடையைத் திற என்பதோடு நம் கோரிக்கை நிற்கக்கூடாது. கடை எங்கே இருக்க வேண்டும், தராசு யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். காலனிக்குள் கடை, அதை நடத்த நம் பெண்கள், மழைக்காலத்துக்கு முன் மூன்று மாத அரிசியை ஒன்றாகத் தருவது என்பவை நடக்காத காரியங்கள் அல்ல. பள்ளிப்பிள்ளைகளுக்கு மதியச் சோறு 1930-லேயே பிரெஞ்சு ஆட்சியில் இந்த ஊரில் தொடங்கியது என்று அரசே பெருமை பேசிக்கொள்கிறது. அரசு செய்கிற வரை தெருவுக்கு ஒரு பிடி அரிசிப் பானையை நாமே வைக்கலாம். புயலன்று யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். கலெக்டர் ஆபீசுக்குத் தெரியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் காலனியிலிருந்து ரேஷன் கடை எத்தனை தூரம், மாதத்தில் எத்தனை நாள் திறக்கிறது, எடை சரியா, கடைசி இரண்டு மாதத்தில் எந்த அட்டைக்கு எவ்வளவு அரிசி வந்தது என்று தெருத்தெருவாக எழுதி அனுப்புங்கள். நகரம் மட்டும் போதாது; பாகூர், வில்லியனூர், காரைக்கால் பக்கத்திலிருந்தும் வேண்டும். வீட்டுக்காரர்களின் பெயர் வேண்டாம், தெருப் பெயர் போதும். அடுத்த இதழின் நடுப்பக்கங்களை இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.