இடமில்லை என்பது வெறும் சாக்கு!



"அடுக்குமாடியில் வாழ்கிறோம். மண்ணும் இல்லை, இடமும் இல்லை. உரம் எங்கே செய்வது?" பெற்றோர் சந்திப்புகளில் நான் பலமுறை கேட்ட வினா இது. இதனை வினா என்பதைவிடச் சாக்கு என்பதே பொருந்தும்.

2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ், கோலாலம்பூரிலும் அச்சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும், வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கட்டாயம் 1.9.2015இல் நடப்புக்கு வந்தது. தாளையும் புட்டியையும் தகரத்தையும் தனியே எடுத்து வைக்கிறோம். கடமை முடிந்தது என்று மனநிறைவு கொள்கிறோம். ஆனால், வீட்டுக் குப்பையில் மிகுதியாக இருப்பது உணவுக் கழிவுதான்! அதை மட்டும் நெகிழிப் பையில் முடிச்சுப் போட்டு எறிந்து விடுகிறோம். கோலாலம்பூர்க் குப்பை லாரியேறிப் புக்கிட் தாகார் சென்று புதைகிறது. காற்றுப் புகாத அந்தக் குழியில் உணவு அழுகி, மீத்தேன் வளியை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரிவளியைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வளி அது.

உரம் செய்ய என்ன வேண்டும்? துளையிட்ட, மூடியுள்ள வாளி ஒன்று. காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, தேங்காய் நார், கிழித்த அட்டை இரண்டு பங்கு. வாரம் இருமுறை கிளறினால் போதும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் உரம் ஆயத்தமாகிவிடும். கறிவேப்பிலைச் செடிக்கு இதைவிட நல்ல உணவு ஏது?

"நாற்றம் வருமே, அண்டை வீட்டார் திட்டுவார்களே" என்பர். ஈரம் மிகுந்தால்தான் நாற்றம் எழும். பிழிந்த துணியின் ஈரமே அளவு. மிஞ்சினால் காய்ந்த இலையைச் சேர்க்க வேண்டும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்களைப் போடக்கூடாது. வாளியின் அடித்தட்டில் நீர் தேங்க விடக்கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகிவிடும்.

பள்ளிகளின் மீதும் எனக்குச் சினம் உண்டு. போட்டி வந்தால் உரத்தொட்டி வைக்கிறோம், படம் எடுக்கிறோம், அறிக்கை அனுப்புகிறோம். போட்டி முடிந்தபின் அத்தொட்டியை எட்டிப் பார்ப்பவர் யார்? தேர்வுத் தாளில் வாழைப்பழத் தோலை 'மட்கும் பொருள்' என்று சரியாக எழுதும் பிள்ளை, வீட்டில் அதே தோலை நெகிழிப் பைக்குள் போடுகிறது. அதற்குப் புள்ளி கொடுத்துவிட்டு, அறிவியல் கற்பித்தோம் என்று நாம் பெருமை பேசலாமா?

ஆசிரியர்களே, அடுத்த அறிவியல் பாடத்தின் வீட்டுப்பாடமாக ஒரு வாளியைக் கொடுங்கள். பெற்றோர்களே, அந்த வாளிக்கு வீட்டில் ஒரு மூலையை ஒதுக்குங்கள்.