ஊசியைச் சுருக்கினர்!

பண்ணைப்புரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பாருங்கள், தோழர்களே! தாலிக்கயிற்றிலே இரண்டு ஊக்கு, வளையலிலே மூன்று. சேலை மடிப்பை நிறுத்த ஒன்று போதுமே, மற்றவை எதற்கு? உத்தமபாளையம் போகும் நெரிசலில் பின்னால் நின்று உரசும் 'பெரிய மனிதர்'களைக் கேளுங்கள். கையைத் தடவிக்கொண்டே சொல்வார்கள். புரோகிதர் புனிதம் என்று புகழும் அந்தக் கயிறு செய்யும் உருப்படியான வேலை, இந்த ஊக்குகளைச் சுமப்பது ஒன்றுதான் என்போம். வைதிகர் சீறுவர். சீறட்டும்.

ஊக்குக்கு ஓர் அக்காள் உண்டு, மேல்நாட்டிலே. தொப்பி ஊசி என்று பெயர். 1890-களிலிருந்து சீமாட்டிகளின் தொப்பி வண்டிச் சக்கரம்போல் அகன்றது. அதைக் கொண்டையோடு பிணைக்க ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் ஊசி வந்தது. தலைப்பில் வெள்ளிப் பூ, மணிக்கல்! இன்று அவற்றைப் பழம்பொருள் என்று பணம் கொடுத்து வாங்குகிறார்கள். கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்க்கிறார்கள். பூவின் அழகைப் பேசுவோர் முனையின் வரலாற்றையும் பேச வேண்டாமா?

1903-இல் நியூயார்க் நகரில், லியோட்டி பிளேக்கர் என்னும் இளம்பெண் குதிரைவண்டியில் சென்றாள். பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், கண்ணியவான் கோலம்தான், மெல்ல நெருங்கினார், இடுப்பை வளைத்தார். அவள் ஊசியை உருவி அவர் கையிலே பாய்ச்சினாள். அவளைப் போன்றோர் பலர். உடனே பதறியது யார்? நகரத் தந்தையர்! 1910-இல் சிகாகோ நகர மன்றம் கூடி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் ஊசி கூடாது, மீறினால் ஐம்பது டாலர் தண்டம் என்று விதித்தது. கூட்டத்தில் அயலார் முகத்தில் குத்துகிறதே என்றனர். குத்தியதும் உண்டு, மறுக்கவில்லை நாம். ஆயினும், தெருவை அச்சமற்றதாக்குங்கள், பிறகு ஊசியைக் கேளுங்கள் என்று அந்நகரப் பெண்கள் திருப்பிக் கேட்டார்களே, அதற்கு விடை எங்கே? ஊசிக்கு அளவு வகுத்த சட்டம், உரசிய கைக்கு என்ன வகுத்தது? ஆஸ்திரேலியாவின் சிட்னியிலே 1912-இல் தண்டம் கட்ட மறுத்துப் பெண்கள் சிறையே சென்றனர்.

பின்னர் 1920-களில் அப்பெண்கள் கூந்தலையே கத்தரித்தனர். தொப்பி சிறுத்தது, ஊசி மறைந்தது. பெண்கள் ஆடவர்போல் கிராப்பு வெட்டிக்கொள்ளட்டும் என்று பெரியார் சொன்னபோது இங்கே எத்தனை நகைப்பு!

அணி என்பது இங்கே அழகுக்கு மட்டுமா இருந்தது? நம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால், திருவிதாங்கூரில், புலையர் குலப் பெண்கள் கல்மாலை அணிய வேண்டும், பொன் அணியக் கூடாது என்பது சாதிக் கட்டளை. 1915-இல் கொல்லத்திலே, அய்யன்காளி முன்னிலையில், அந்தப் பெண்கள் மாலைகளை அறுத்து எறிந்தனர். மாலை குவிந்து கிடந்தது. கட்டளையும் அதனடியில் கிடந்தது.

தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம் 1998-இல் வந்தது. எப்போது? சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தலில் உயிரிழந்த பிறகு! சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஊரில் நடப்பது என்ன? பேருந்தில் ஒருவன் சீண்டினான் என்று மகள் வந்து சொன்னால், மறுநாளே கல்லூரி நிறுத்தப்படுகிறது, மாப்பிள்ளை தேடப்படுகிறது. சிகாகோவார் ஊசியைச் சுருக்கினர்; நம்மவர் மகளின் படிப்பையே சுருக்குகின்றனர். மானம் காக்கிறாராம்! யாருடைய மானம்?

கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞர்களே! உங்கள் தெருவில் அப்படி ஒரு தந்தை இருந்தால் திண்ணையில் அமர்ந்து ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள், ஐயா; அவளைச் சீண்டியவன் இன்று காலை எந்தப் பேருந்தில் போனான்?